‘பார்க்கலாம்ங்க’ என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும்: பையிங் ஆபீஸ் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

வெளிநாட்டுப் பையர்களுக்கும் எங்களைப் போன்ற பனியன் கம்பெனிகளுக்கும் நடுவில் நின்று, திருப்பூரிலும் சென்னையிலும் பெங்களூரிலும் பையிங் ஆபீஸ் நடத்துகிறவர்களுக்கு,

பொங்கல் விடுமுறை முடிந்து ஜனவரி 19, திங்கட்கிழமை காலை கம்பெனிக்கு வந்தபோது உங்களில் ஒருவருடைய அலுவலகத்திலிருந்து ஒரு மெயில் வந்திருந்தது. ஐரோப்பியப் பையர் ஒருவரின் புதிய சப்ளையர் விதிமுறைகள், மொத்தம் 46 பக்கம். மேலே ஒரே வரி: படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவும். படித்தேன். அதை எடுத்துக்கொண்டு போய் எங்கள் முதலாளியிடம் கையெழுத்துக்கு நீட்ட மனம் வரவில்லை.

பெரும்பாலான பக்கங்கள் வழக்கமானவைதான். அட்டைப்பெட்டி அளவு, ஊசி உடைந்தால் எழுதிவைக்கும் பதிவேடு, குறையுள்ள பீஸ்களுக்கான வரம்பாக ஏக்யூஎல் 2.5. இதிலெல்லாம் எங்களுக்கு எந்தச் சண்டையும் இல்லை. இரண்டு விதிகள் புதியவை. வீடியோ காலில் ஒரு தேதி பேசப்பட்டு, 24 மணி நேரத்துக்குள் சப்ளையர் எழுத்தில் மறுக்காவிட்டால், அந்தத் தேதி ஒப்புக்கொள்ளப்பட்டதாகவே எடுத்துக்கொள்ளப்படும். இது ஒன்று. உள்ளூர்ப் பண்டிகைகளைத் தாமதத்துக்குக் காரணமாகச் சொல்லக் கூடாது. இது இன்னொன்று. கடைசியில் இரண்டு பக்கத்துக்கு ஒரு பின்னிணைப்பு, ‘இந்தியப் பங்காளிகளோடு வேலை செய்வது: பண்பாட்டுக் குறிப்புகள்’ என்ற தலைப்பில். அது அவர்களுடைய ஆட்களுக்காக எழுதப்பட்டது. எங்களுக்குத் தவறி வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

இந்தியர்கள் ‘இல்லை’ என்று சொல்ல மாட்டார்கள். அவர்கள் தலையாட்டுவதை நம்ப வேண்டாம். நேரத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். விலையை எப்போதும் கூட்டித்தான் சொல்வார்கள், 15 சதவீதம் குறைத்துத் தொடங்கவும். பார்த்ததும் ‘நமஸ்தே’ சொல்லவும். இப்படிப் போகிறது அந்தப் பட்டியல். அதில் ஒரு வரியை நான் மூன்று தடவை படித்தேன். ‘இந்தியர்கள் உறவுக்கு மிகுந்த மதிப்புக் கொடுப்பவர்கள், பேரத்தில் இது பயன்படும்.’

பையருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அவருக்கு நம்முடைய பேச்சு தெரியாது. உங்களுக்குத் தெரியும். நீங்கள் ஈரோட்டிலும் கோபியிலும் தாராபுரத்திலும் பிறந்தவர்கள். பலர் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்று மேலே வந்தவர்கள். இரண்டு பக்கத்தையும் அறிந்தவர்கள் என்பதற்காகத்தான் உங்களுக்குக் கமிஷனே கிடைக்கிறது. அந்த இரண்டு பக்கத் தாளை நீங்கள் படித்திருந்தும் மறுப்பு எழுதாமல் எங்களுக்கு அனுப்பியிருந்தால் அது பெரிய தவறு. படிக்காமல் அனுப்பியிருந்தாலும் தவறுதான்.

நான் 2004-ல் சாம்பிள் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். அடுத்த ஜனவரியில், ஏற்றுமதிக்கு நாடுவாரியாக வரம்பு வைத்திருந்த கோட்டா முறை ஒழிந்தது, ஊரே புதுக் கட்டடங்களாக எழுந்தது. அன்றிலிருந்து இன்றுவரை மெர்ச்சண்டைசிங்தான், அதாவது ஆர்டர் வந்ததிலிருந்து சரக்குப் போகும்வரை பின்தொடரும் வேலை. இப்போது இருப்பது நடுத்தரமான ஒரு கம்பெனி. எங்கள் முதலாளிக்குத் தெரிந்தேதான் இதை எழுதுகிறேன். கம்பெனி பெயரைப் போடவில்லை. ஏன் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சென்ற ஆண்டு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2025 செப்டம்பர் 9, நமக்கு மாலை நான்கு மணி, அவர்களுக்கு மதியம் பன்னிரண்டரை. எங்கள் மீட்டிங் அறையில் முதலாளி, புரொடக்ஷன் மேனேஜர், நான். திரையில் வெளிநாட்டில் இருவர், கூடவே உங்களில் ஒருவருடைய ஆபீஸிலிருந்து ஒரு மெர்ச்சண்டைசர். 24,000 பீஸ் சிறுவர் டி-ஷர்ட், 180 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி, மூன்று கலர். வெள்ளையும் சாம்பல் மெலஞ்சும் தையலில் ஓடிக்கொண்டிருந்தன. நேவி நீலத்தின் லேப் டிப், அதாவது ஒப்புதலுக்காகச் சாயம் போட்டு அனுப்பும் மாதிரித் துணி, இரண்டு தடவை திரும்பி வந்து, மூன்றாவதுக்கு ஒப்புதல் கொடுக்க அவர்கள் 12 நாள் எடுத்துக்கொண்டார்கள். அன்று காலையில்தான் கட்டிங் மாஸ்டர் என்னிடம், “பத்தாந்தேதிக்கு ஆகாதுங்க அம்மிணி. நீலம் இன்னும் சாயப்பட்டறையிலயே கெடக்குது” என்று சொல்லியிருந்தார்.

திரையில் இருந்த அம்மையார், அக்டோபர் 10-க்கு மொத்தமும் போய்விடுமா என்று கேட்டார். முதலாளி என்னைப் பார்த்தார். மேஜை மேல் கிடந்த நீலச் சாம்பிளை எடுத்து மடித்தார், திரும்பப் பிரித்தார், மறுபடியும் மடித்தார். பிறகு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, “ஓகே, ஓகே, வீ வில் ட்ரை” என்றார். அதோடு தமிழில், பாதி தனக்கே சொல்வதுபோல், “பார்க்கலாம்ங்க” என்றார்.

உங்கள் ஆபீஸ்காரர் இதையெல்லாம் பார்த்தார், கேட்டார். அவர் ஈரோடு பக்கம். அவர் வீட்டில் கல்யாணத்துக்குக் கடன் கேட்டு யாரிடமாவது போய், அந்த மனிதர் துண்டை மடித்துப் பிரித்துக்கொண்டே “பார்க்கலாம்ங்க” என்று சொன்னால், எழுந்து வேறு வீட்டுக்குப் போயிருப்பார். ஆனால் முக்கால் மணி நேரத்தில் அவரிடமிருந்து வந்த மீட்டிங் குறிப்பில், ‘சப்ளையர் அக்டோபர் 10-ஐ உறுதிசெய்தார்’ என்று இருந்தது.

நான் அன்று இரவே பதில் எழுதினேன். வெள்ளையும் மெலஞ்சும் 10-க்குப் போகும், நேவிக்கு அக்டோபர் கடைசியாவது வேண்டும், தீபாவளி 20-ஆம் தேதி வருகிறது, ஒப்புதல் தாமதத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று. பையருக்கு நேராக எழுத எங்களுக்கு அனுமதி இல்லை, உங்கள் வழியாகத்தான் போக வேண்டும். மறுநாள் காலை போன் வந்தது. “மேடம், இப்ப இதை அனுப்பினா பையர் டென்ஷன் ஆயிடுவாங்க. நாங்க பேசி எடுத்துக்கறோம், நீங்க வேலையைப் பாருங்க.” அந்த மெயில் பையருக்குப் போகவே இல்லை.

அக்டோபர் 10-ஆம் தேதி 16,000 பீஸ் தூத்துக்குடிக்கு லாரி ஏறியது. நீலத்தில் பாதிகூடத் தைத்து முடியவில்லை. 18-ஆம் தேதி சனிக்கிழமை வாரச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆட்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். 27-ஆம் தேதி திங்கட்கிழமை 62 டெய்லர்களில் 19 பேர் வந்தார்கள். மிச்சம் 8,000 பீஸ் நவம்பர் முதல் வாரத்தில் சென்னையிலிருந்து விமானத்தில் போனது. அந்த விமானக் கூலி முழுவதும் எங்கள் தலையில் விழுந்தது. அந்த ஆர்டரில் வர வேண்டிய லாபத்தைப் போல மூன்று மடங்கு. அவர்கள் எடுத்துக்கொண்ட 12 நாளை யாரும் எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை.

இனி, 24 மணி நேர விதியோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். நான் 24 மணி நேரத்துக்குள்தான் மறுத்தேன். மறுப்பு உங்கள் மேஜையில் நின்றுபோனது.

இந்தியர்கள் இல்லை என்று சொல்ல மாட்டார்கள் என்று எழுதியவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் காதில் விழவில்லை, அவ்வளவுதான். நாம் நாள் முழுக்க இல்லை என்று சொல்லிக்கொண்டேதான் இருக்கிறோம். ‘பண்ணிக் குடுத்துடறேங்க’ என்றால் அது வாக்கு. அதைச் சொன்ன மனிதர் ராத்திரி பதினோரு மணிக்கு நிட்டிங் மெஷின் பக்கத்தில் நிற்பார். வெறும் ‘சரிங்க’ என்றால் நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்று பொருள். ‘சரிங்க, பார்க்கலாம்ங்க’ என்றால் அநேகமாக ஆகாது. ‘ட்ரை பண்றோம்ங்க’ என்றால் எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் வேலை கொடுக்கிறவர் நீங்கள், உங்கள் முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வது என்று பொருள். ‘ரொம்ப டைட்டா இருக்குங்களே’ என்பது முழு மறுப்பு. ‘ஆகாதுங்க’ என்று உடைத்துச் சொல்வது பழகிய இடத்தில்தான். கட்டிங் மாஸ்டர் என்னிடம் சொன்னது அப்படித்தான். எங்கள் முதலாளி நூல் வியாபாரியிடம் அப்படிச் சொல்வார், அவரும் இவரிடம் சொல்வார், மறுநாள் சேர்ந்து டீ குடிப்பார்கள்.

இதில் பொய் எங்கே இருக்கிறது? நம் பேச்சில் சொல்கிறவருக்கு எவ்வளவு பொறுப்போ, கேட்கிறவருக்கும் அவ்வளவு பொறுப்பு. ஒருவரைக் கூச வைக்காமல் அவர் எண்ணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று குழந்தையிலிருந்தே பழக்கப்படுகிறோம். இதே ஊரில் ஒரு போன் பேச்சில் லட்சக்கணக்கான ரூபாய்க்கு நூல் வந்து இறங்குகிறது, எழுத்தெல்லாம் அதற்கப்புறம்தான். வாய்ச் சொல்லுக்கு மதிப்பில்லாத ஊராக இருந்தால் திருப்பூர் ஒரு வாரம்கூட ஓடாது. வெளிநாட்டுக்காரருக்கு இந்த வித்தியாசம் புரியாமல் போவது இயல்பு. ஜெர்மானியர் ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை. அது அவர்கள் பழக்கம், அதிலும் ஒரு நேர்மை இருக்கிறது. அதனால்தானே நடுவில் நீங்கள் வேண்டும்?

பண்டிகை விதிக்கு வருகிறேன். தீபாவளி 2023-ல் நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20. இந்த ஆண்டு நவம்பர் 8. இந்த நான்கு தேதிகளும் எத்தனையோ மாதங்களுக்கு முன்பே எல்லாருக்கும் தெரிந்தவை. தேனி, மதுரை, ராமநாதபுரம் பக்கத்து ஆட்கள் போனால் குறைந்தது ஒரு வாரம், பத்து நாள். பீகார்க்காரர்களுக்கு தீபாவளி முடிந்து ஆறாம் நாள் சட் பூஜை வருகிறது. அதையும் முடித்துவிட்டு இரண்டு நாள் ரயிலில் வர வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை பெற்றவர்களையும் பிள்ளைகளையும் பார்க்கிற நாள் அது. ‘காரணமாகச் சொல்லக் கூடாது’ என்று ஒரு தாளில் எழுதிவிட்டால் பழைய பஸ் ஸ்டாண்டில் நிற்கிற கூட்டம் கலைந்து மெஷினில் வந்து உட்கார்ந்துவிடுமா?

இதே பையர்கள் சீனப் புத்தாண்டு வருகிறதென்றால் மாதக்கணக்கில் முன்னாலேயே ஆர்டரை நகர்த்துகிறார்கள். இந்த ஆண்டு அது பிப்ரவரி 17. அந்தத் தேதி அவர்களுடைய திட்ட அட்டவணையிலேயே அச்சாகியிருக்கிறது, நான் பார்த்திருக்கிறேன். ஆகஸ்டில் இத்தாலியில் போன் எடுக்க ஆள் இருக்காது. கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டுவரை எங்கள் கலர் ஷேட் ஒப்புதல்கள் எல்லாம் அப்படியே நிற்கும். நாங்கள் அதை ஒரு நாளும் குறையாகச் சொன்னதில்லை, அவர்கள் குடும்பத்தோடு இருக்கிற நேரம் என்று புரிந்துகொண்டு அதற்கேற்ப வேலையை முன்பின் மாற்றிக்கொள்கிறோம். சீனப் புத்தாண்டு அட்டவணையில் ஏறியதற்குக் காரணம், யாரோ விடாமல் சொல்லிச் சொல்லி ஏற்றியதுதான். தீபாவளியை ஏற்ற வேண்டியவர்கள் நீங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். 2024 ஆயுத பூஜை முடிந்த திங்கட்கிழமை ஒரு ஆடிட்டர் வந்தார். ஓவர்லாக் மெஷின்களின் ஸ்டாண்டில் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன, வாசலில் உடைத்த பூசணிக்காயின் கறை இருந்தது. படம் எடுத்துக்கொண்டார். வெள்ளைத் துணியில் குங்குமம் படக் கூடாது என்று அவர் எழுதியிருந்தால் அது நியாயம். நாங்களே ஊசிப் பக்கம் வைக்காமல் ஸ்டாண்டில்தான் வைக்கிறோம். அறிக்கையில் இருந்தது வேறு: ‘சுகாதாரமற்ற பழக்கம்’. பக்கத்தில் உங்கள் ஆபீஸ் பெண் நின்றுகொண்டிருந்தார். அவர் நெற்றியிலும் அதே குங்குமம்தான் இருந்தது. இது என்னவென்று இரண்டு வாக்கியத்தில் அவர் சொல்லியிருக்கலாம். வருஷம் முழுவதும் தனக்குச் சோறு போடுகிற மெஷினை ஒரு நாள் ஓட்டாமல் துடைத்துப் பொட்டு வைத்துக் கும்பிடுகிற டெய்லர், அந்த மெஷினை எப்படிப் பார்த்துக்கொள்வார் என்றாவது சொல்லியிருக்கலாம். அவர் பயந்திருப்பார். சின்னப் பெண், அவரைக் குறை சொல்ல மாட்டேன். அப்படி வாய் திறக்கலாம் என்று அவருக்கு நீங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை.

அந்தப் பின்னிணைப்பில் ஓர் அட்டவணையும் உண்டு. ‘அதிகார இடைவெளி’ என்ற தலைப்பில் இந்தியாவுக்கு 77, நெதர்லாந்துக்கு 38, ஜெர்மனிக்கு 35. டச்சு ஆய்வாளர் கீர்ட் ஹாஃப்ஸ்டீட் 1960-களின் கடைசியிலும் 70-களின் தொடக்கத்திலும் ஐபிஎம் கம்பெனி ஊழியர்களிடம் கேட்டு வாங்கிய பதில்களிலிருந்து உருவான எண்கள் இவை. ஆய்வைக் குறை சொல்லவில்லை, அதில் உண்மை இருக்கிறது. முதலாளி முன்னால் சூப்பர்வைசர் பேச மாட்டார், சூப்பர்வைசர் முன்னால் டெய்லர் பேச மாட்டார். ஆனால் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் அன்றைய ஊழியர்களை வைத்து வந்த எண்ணை, இன்றைக்கு ஒரே ஹாலில் ஒடியாவும் போஜ்புரியும் கொங்குத் தமிழும் பேசிக்கொண்டு வேலை செய்கிற 200 பேர்மேல் ஒட்டவைத்து, ‘இந்தியர் இப்படி’ என்று முடிப்பது எப்படிச் சரி? நமஸ்தே என்றால் இங்கே பலர் பதிலுக்குச் சிரிப்பார்கள், வணக்கம் என்றால் எழுந்து நிற்பார்கள். இந்த ஒரு வார்த்தையைக்கூட நீங்கள் திருத்திக் கொடுக்கவில்லை.

77 என்பது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால், முதலாளி உட்கார்ந்திருக்கும் வீடியோ காலில் ‘முடியுமா, முடியாதா’ என்று கேட்டு வாங்கும் பதிலுக்கு என்ன மதிப்பு?

2008-லிருந்து சில வருஷங்கள் ஒரு ஜெர்மன் அம்மா எங்களிடம் வருவார். அறுபது வயதிருக்கும். வருஷத்துக்கு இரண்டு தடவை. ‘முடியுமா?’ என்று அவர் யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை. ‘துணி என்றைக்கு வரும்? வந்தால் கட்டிங்குக்கு எத்தனை நாள்? நடுவில் என்ன தடை வரலாம்?’ என்று கேட்பார். ஆமாம் என்று தலையாட்டித் தப்பிக்க முடியாத கேள்விகள். முதலாளியிடம் மரியாதையாகப் பேசிவிட்டு, அப்புறம் சாம்பிள் ரூமுக்கு வந்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, கட்டிங் மாஸ்டரோடு டீ குடிப்பார். நான் மொழிபெயர்ப்பேன். மாஸ்டர் என்னைப் பார்த்து, “பதினஞ்சு நாள் சேத்திச் சொல்லுங்க அம்மிணி” என்பார். அந்த அம்மா என் வாயைப் பார்க்க மாட்டார், மாஸ்டர் முகத்தைப் பார்ப்பார். பிறகு அவருடைய சின்ன நோட்டில் தேதியை மாற்றி எழுதுவார். அந்த நோட்டில் தீபாவளி, பொங்கல், ஆடி 18 மூன்றும் சிவப்பு மையில் இருந்தன. அந்த வருஷங்களில் ஒரு பீஸ்கூட நாங்கள் விமானத்தில் அனுப்பியதில்லை.

அவரை முதன்முதலில் அழைத்து வந்தவர் உங்களைப் போன்ற ஒரு பையிங் ஆபீஸ்காரர்தான். சிவப்பு மையில் எழுதச் சொன்னதும் அவர்தான். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மொத்தமாக மூடப்பட்டபோது அவர் செய்ததை நான் மறக்கவில்லை. நொய்யல் ஆற்றையும் அதன் கீழே இருந்த விவசாயிகளையும் இந்தத் தொழில் கெடுத்ததற்காக வந்த உத்தரவு அது. அதை அவர் மறைக்கவில்லை. பையர்களுக்கு உள்ளதை உள்ளபடி எழுதினார். இரண்டு பேரை நேரில் வரவழைத்து ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத முறை என்றால் என்ன, அதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்று உட்கார்ந்து விளக்கினார். நாங்கள் துணியை வெளியூர்களுக்கு லாரியில் அனுப்பிச் சாயம் போட்டுக்கொண்டிருந்த அந்த மாதங்களில் எங்கள் ஆர்டர் ஒன்றுகூட ரத்தாகவில்லை. தேதிகள் மட்டும் தள்ளிப்போயின. அந்த வேலையைத்தான் உங்களிடம் எதிர்பார்க்கிறேன்.

உறவைப் பேரத்தில் பயன்படுத்தலாம் என்ற வரிக்கு இப்போது வருகிறேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் தைத்துப் பெட்டியில் போட்ட சரக்கைக்கூட வேண்டாம் என்று மெயில் போட்டார்கள். நாங்கள் வழக்குக்குப் போகவில்லை, அவர்களுக்கும் கஷ்டம் என்று பொறுத்துக்கொண்டோம். 2022-ல் நூல் விலை மாதாமாதம் ஏறி, மே மாதம் ஊரே இரண்டு நாள் கடையடைத்துப் போராடியது. அப்போதும் ஏற்கெனவே பேசிய விலைக்கே ஏற்றுமதி செய்தோம், சொன்ன சொல் என்பதற்காக. 2025 ஆகஸ்ட் 27-ஆம் தேதி அமெரிக்காவின் வரி 50 சதவீதம் ஆனபோது அமெரிக்கப் பையர்கள் தள்ளுபடி கேட்டார்கள், ஓடிக்கொண்டிருந்த ஆர்டர்களுக்கும் சேர்த்து. ‘இத்தனை வருஷ உறவு’ என்ற சொல் அந்த மெயில்களில் இருந்தது. எங்கள் முதலாளி கொடுத்தார். அதற்காக அந்த வருஷம் வாங்க வேண்டியிருந்த நான்கு மெஷினை வாங்காமல் விட்டார். எதை உறவு என்று நினைத்து அவர் கொடுத்தாரோ, அது இன்னொரு பக்கத்தில் பேரத்துக்கான ஒரு குறிப்பாக எழுதப்பட்டிருக்கிறது. ஒருவரைப் புரிந்துகொள்வது என்பதன்மேல் எனக்கு இருந்த மரியாதையையே அந்த வரி அசைத்துவிட்டது.

எங்கள் பக்கம் தவறே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கை நிறைய ஆர்டர் இருந்தும், விட்டால் அடுத்தவருக்குப் போய்விடும் என்று வாங்கிப்போட்டு, பையருக்குத் தெரியாமல் வெளி யூனிட்டில் தைக்கக் கொடுக்கிற முதலாளிகள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அது பண்பாடு இல்லை, ஏமாற்று. தாமதமாகும் என்று தெரிந்தும் கடைசி நாள்வரை வாயைத் திறக்காத மெர்ச்சண்டைசர்கள் இருக்கிறார்கள். தொடங்கிய காலத்தில் நானும் அப்படித்தான் இருந்தேன், அதற்கு ஒரு பையரை இழந்தோம். எழுத்தில் ‘ஆகாது’ என்று சொல்ல நாங்கள் பழக வேண்டும். எங்கள் கம்பெனியில் இந்த மாதத்திலிருந்து ஒவ்வொரு வீடியோ காலுக்குப் பிறகும் நான் தனியாக ஒரு மெயில் எழுதுகிறேன்: எந்தத் தேதி உறுதி, எது சந்தேகம், எது ஆகாது என்று. ஆனால் அந்த மெயில் போய்ச் சேர வேண்டும்.

அதனால் உங்களிடம் நான் கேட்பவை இவை.

24 மணி நேர விதியை இப்போது இருக்கிறபடி எங்களிடம் கையெழுத்து வாங்காதீர்கள். பையரிடம் பேசி, சப்ளையர் எழுத்தில் ஒப்புக்கொண்டால் மட்டுமே தேதி உறுதி என்று மாற்றச் சொல்லுங்கள். மாற்ற மாட்டோம் என்றால், சப்ளையருடைய மறுப்பு நேராகப் பையருக்கே போகவும், அவர்களுடைய ஒப்புதல் தாமதமானால் ஷிப்மென்ட் தேதியும் அத்தனை நாள் தள்ளிப்போகவும் வழி செய்யுங்கள். சப்ளையர் எழுதிய எந்த மெயிலையும் நிறுத்திவைக்கும் உரிமை உங்கள் ஆபீஸுக்கு இல்லை என்பதையும் எழுத்தில் கொடுங்கள். மீட்டிங் குறிப்பை அனுப்பும் முன் எங்களுக்கு ஒரு முறை காட்டுங்கள். அரை மணி நேர வேலை அது.

பண்டிகை விதியை எடுக்கச் சொல்லுங்கள். நவம்பர் 8 தீபாவளியையொட்டி அனுப்ப வேண்டிய ஆர்டர்கள் இன்னும் சில மாதங்களில் பேசப்படும். அதற்கு முன்பே ஆயுத பூஜை, தீபாவளி, சட் பூஜை, பொங்கல் ஆகியவற்றின் தேதிகளையும் ஆட்கள் திரும்பி வர ஆகும் நாட்களையும் ஒரே தாளில் எழுதிப் பையர்களின் அட்டவணையில் ஏற்றுங்கள். கம்பெனிவாரியான விவரம் வேண்டுமென்றால் கேளுங்கள், நானே சேகரித்துத் தருகிறேன்.

அந்த இரண்டு பக்கப் பின்னிணைப்பைத் திரும்பப் பெறச் சொல்லுங்கள். அதற்குப் பதில் ஒன்று எழுத வேண்டும் என்றால் நீங்களே எழுதுங்கள், இங்கே தைக்கிறவர்களையும் வெட்டுகிறவர்களையும் கேட்டு எழுதுங்கள். உறவைப் பேரத்தில் பயன்படுத்தலாம் என்ற வரிக்கு மட்டும் பையரிடமிருந்து எழுத்தில் ஒரு விளக்கம் வேண்டும். அதை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

பிரிட்டனோடு 2025 ஜூலையில் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கிறது. திருப்பூரை முன்பின் பார்த்திராத புதிய ஆட்கள் வருவார்கள். முதல் ஆர்டர் போடும் முன் அவர்களை ஒரு நாளாவது நேரில் கூட்டி வாருங்கள். ஷோ ரூமோடு திருப்பி அனுப்பாமல் கட்டிங் டேபிள்வரை கூட்டி வாருங்கள், மாஸ்டரோடு பேச வையுங்கள்.

கடைசியாக, உங்கள் ஆபீஸில் வேலை பார்க்கும் சின்னப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிக்கொடுங்கள். வீடியோ காலில் ஒரு முதலாளி ‘பார்க்கலாம்ங்க’ என்றால், அங்கேயே, அந்த நிமிடமே, “இவர் ஒப்புக்கொள்ளவில்லை, என்ன தடை என்று கேளுங்கள்” என்று ஆங்கிலத்தில் சொல்லும் தைரியத்தை அவர்களுக்குக் கொடுங்கள். சொன்னதற்காக அவர்கள் வேலை போகாது என்ற உறுதியையும் கொடுங்கள்.

46 பக்கமும் கையெழுத்துப் போடாமல் என் மேஜையில் இருக்கிறது. நீங்கள் கொடுத்த வெள்ளிக்கிழமை போய்விட்டது. உங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன். அதைப் படித்த பிறகுதான் முதலாளியிடம் எடுத்துப் போவேன்.

இப்படிக்கு,
திருப்பூரிலிருந்து ஒரு மெர்ச்சண்டைசர்